பட்டுப்போன சவுக்கு மரமும் ஒரு ஜோடி மரங்கொத்தியும்: நீங்கள் பார்த்ததையும் சொல்லுங்கள்

ஹப்புத்தளையிலிருந்து:

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகள்) பின்னால், ஏழாம் நம்பர் தேயிலை மலையின் ஓரத்தில் பட்டுப்போன சவுக்கு மரம் ஒன்று நிற்கிறது. தேயிலைக்கு நிழல் தரும் கிரவிலியா மரத்தைத்தான் தோட்டத்தில் சவுக்கு என்போம், கடற்கரைச் சவுக்கு வேறு. அதை வெட்டி விறகாக்க வேண்டும் என்று அப்பா இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். கத்தியைத் தீட்டவும் செய்தார், வெட்டத்தான் இல்லை.

போன பெப்ரவரியில் ஒரு காலை, பெரட்டுக்கு (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடம்) ஆட்கள் போன பிறகு, அந்தப் பக்கமிருந்து டொக், டொக் என்று சத்தம். ஒரே மூச்சில் தம்பட்டம் போல உருளுமே, அது இல்லை. அது 'இது என் இடம்' என்று மற்றப் பறவைக்குச் சொல்வது, துணையைக் கூப்பிடுவது. இது ஆற அமர நிறுத்தி நிறுத்தி அடிக்கிற அடி. வேலை செய்கிறவனின் சத்தம்.

போய்ப் பார்த்தால் மரத்தடியில் தேங்காய்த் துருவல் கொட்டியது போல வெள்ளை வெள்ளையாகச் சிராய். நிமிர்ந்தேன். இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே, முதுகெல்லாம் சிவப்பாக ஒரு மரங்கொத்தி. தலை முழுக்கத் துளைக்குள் போயிருந்தது. வெளியே வரும்போது வாய் நிறையச் சிராய், அதை இடமும் வலமும் உதறியது. பிறகு மறுபடி உள்ளே. வாலை மரத்தில் ஊன்றிக்கொண்டு நின்ற நிற்பைப் பார்த்தால் மூன்று கால் முக்காலி போல இருந்தது. அரை மணி நேரத்துக்குப் பிறகு ஜோடிப் பறவை வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆணும் பெண்ணும் முறை போட்டுத்தான் தோண்டின. அப்பா அதற்கு 'வடு பாஸ்' என்று பேர் வைத்தார், சிங்களத்தில் தச்சர் என்று அர்த்தம்.

பதினெட்டு நாளில் பறவை முழுசாக உள்ளே போய்விடும் அளவுக்குத் துளை ஆழமாகிவிட்டது. உள்ளே புல்லும் இல்லை, பஞ்சும் இல்லை. அடியில் மிச்சமான சிராய்தான் மெத்தை, முட்டை அதன் மேலேயே. அடைகாக்கத் தொடங்கிய பிறகு நான் கவனித்த ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து வரும் பறவை நேராக நுழையாது. துளைக்குக் கீழே ஒட்டி நின்று மெல்ல இரண்டு தட்டு தட்டும். உள்ளேயிருந்தும் ஒரு தட்டு கேட்கும். அப்புறம்தான் ஆள் மாறும். இருட்டும் நேரத்தில் உள்ளே போய் விடிய விடிய இருப்பது ஆண். இதை நான் ஒரு நாளும் பிசகாமல் பார்த்தேன்.

இனி என் புத்திகெட்ட வேலை. உள்ளே எப்படி இருக்கிறதென்று பார்க்கும் ஆசையில் போனை மூங்கிலில் கட்டித் துளை வரை நீட்டினேன். பெண் பறவை விருட்டென்று போனது போனதுதான். மலையில் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது, குளிர் வேறு. நாற்பது நிமிடம் கழித்துத்தான் திரும்பி வந்தது. அந்த நாற்பது நிமிடமும் மூங்கிலைக் கையில் பிடித்தபடி லயத்து மூலையில் நின்றேன். அம்மா பார்த்துவிட்டு, "புள்ள பெத்த வீட்டுக்குள்ள எட்டிப் பார்ப்பியாடா?" என்று போட்டாரே ஒரு போடு. அதன் பிறகு வாழைப் புதருக்குப் பின்னால் இருந்தே பார்த்தேன். படம் ஒன்றும் உருப்படியாக இல்லை, பரவாயில்லை.

குஞ்சு பொரித்ததை நான் காதால்தான் அறிந்தேன். மரத்துக்குள்ளே பால் பொங்குவது போல ஒரு இரைச்சல். இரண்டு வாரம் போனதும் ஒரு தலை எட்டிப் பார்க்கத் தொடங்கியது. அது வெளியே பறந்த அன்று நான் பதுளைக்குப் போயிருந்தேன். அப்படித்தான் நடக்கும்!

பண்டாரவளையிலிருந்து:

தம்பி, உங்களுடையது பெரிய இனமா சின்ன இனமா? நம் நாட்டில் முதுகு சிவந்த மரங்கொத்தி இரண்டு உண்டு. இரண்டும் இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாதவை. அலகைப் பாருங்கள். பெரியதற்கு யானைத் தந்தம் போல வெளிறிய நீண்ட அலகு, கண்ணும் வெளிறியது. சின்னதற்கு அலகு கறுப்பு. பெரியதில் பெண்ணுக்குக் கொண்டை சிவப்பில்லை, கறுப்பில் வெள்ளைப் பொட்டுகள்.

பெரியதை 1854இல் விவரித்து எழுதியவர் லேயார்ட் என்ற பறவை ஆய்வாளர். அறிவியல் பெயர் வைத்தது ஸ்ட்ரிக்லாண்ட் என்ற அறிஞரின் நினைவாக. அவர் 1853இல் இங்கிலாந்தில் ரயில் பாதைக்காக வெட்டிய மேட்டில் பாறைப் படிவங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ரயிலில் அடிபட்டு இறந்தார். தெமோதரைக்கும் எல்ல என்ற ஊருக்கும் இடையே தண்டவாளத்தில் நடந்துகொண்டே பறவை பார்க்கிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

மாத்தளையிலிருந்து:

நான் பார்த்தது கொஞ்சம் கீழே, நக்கிள்ஸ் அடிவாரத்தில். செங்காவி நிறத்தில் ஒரு மரங்கொத்தி. இது மரத்தைத் தோண்டாமல் எறும்புக் கூட்டையே தோண்டுகிறது! கிளையில் கால்பந்து அளவுக்குக் கறுப்பாகத் தொங்குமே, வாலைத் தூக்கிக்கொண்டு திரியும் எறும்பின் கூடு, அதில்தான். அந்த எறும்பையே பிடித்துத் தின்னும், அதன் வீட்டிலேயே முட்டையும் இடும். எறும்புகள் முட்டையையும் குஞ்சையும் ஒன்றும் செய்வதில்லை. நான் கீழே நின்று வேடிக்கை பார்த்ததற்கு என் கழுத்தை மட்டும் விட்டுவைக்கவில்லை.

நுவரெலியாவிலிருந்து:

ஹக்கலைப் பூங்காவில் மஞ்சள் கொண்டையுடன் ஒரு பச்சை மரங்கொத்தியை அடிக்கடி பார்ப்பேன். சின்னப் பறவைகளின் கூட்டத்தோடு கூட்டமாக வந்து போகும். கூடு ஒன்றும் கண்ணில் படவில்லை.

என் கதை மைனாவைப் பற்றியது. எங்கள் வீட்டு வேலியோர முள்முருங்கையில் ஒரு ஜோடி மரங்கொத்தி மூன்று வாரம் பாடுபட்டுத் துளை போட்டது. வேலை முடிந்த அடுத்த நாளே மைனா ஜோடி வந்து புல்லும் பொலித்தீனும் திணித்துவிட்டது. மரங்கொத்தி இரண்டு தரம் அதை இழுத்து வெளியே போட்டது. மூன்றாம் நாள் வரவில்லை. அவ்வளவு பெரிய அலகை வைத்துக்கொண்டு மைனாவிடம் தோற்குமா என்று எனக்கு இன்றும் ஆத்திரம்தான்.

ஹப்புத்தளையிலிருந்து மறுபடியும்:

அக்கா, அலகு வெளிறியதுதான், அப்படியென்றால் பெரியது. நன்றி.

இந்த வருடமும் கூட்டைப் பார்த்தேன். மைனா இல்லை, கிளி. சாம்பல் முதுகும் பச்சைக் கழுத்துமாக, மலைப்பக்கம் வருமே, லேயார்ட் பெயராலேயே சொல்லும் கிளி. அது தானாகத் துளை போடாது, பழைய துளையைத் தேடிப் பிடிக்கும். மரங்கொத்தி ஜோடி அந்தப் பக்கமே திரும்பவில்லை. இருபது அடி தள்ளி, உச்சி முறிந்து நிற்கும் இன்னொரு சவுக்கில் புதிதாகத் தொடங்கியிருக்கின்றன.

அப்பா விறகுக்குக் கவ்வாத்து மிலாரை, அதாவது தேயிலைச் செடியில் வெட்டிக் கழித்த குச்சிகளை, கொண்டுவருகிறார். புகை தாங்கவில்லை என்று அம்மா தினமும் பேச்சு. நேற்று அந்த இரண்டாவது மரத்தையும் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து, "வடு பாஸ் இதுக்கும் அட்வான்ஸ் குடுத்துட்டாண்டா" என்றார்.