கண்மாய்க்கு மார்க் போடப் போன கதை

சிவகங்கை அனுபவம்

ஊர்க்காரர்கள் கண்மாயை, அதாவது பாசன ஏரியை, எப்படிப் பராமரிக்கிறார்கள் என்று மதிப்பிடும் வேலைக்காக இரண்டு ஊர்களுக்குப் போயிருந்தேன். 2017-ல், ஊர்க்காரர்களே நீர்நிலைகளைச் செப்பனிடும் குடிமராமத்துத் திட்டம் மறுபடி வந்து, பாசனதாரர்கள் பத்து சதவீதப் பங்கு போட்டு வேலை எடுத்ததற்குச் சில வருடம் கழித்து. கையில் ஒரு படிவம்: சங்கம் பதிவாகியிருக்கிறதா, கூட்டம் எத்தனை, தீர்மான நோட்டு உண்டா, சந்தா எவ்வளவு.

முதல் ஊர் நோட்டைப் பார்த்ததும் அசந்துவிட்டேன். எல்லாக் கூட்டத்துக்கும் எல்லார் கையெழுத்தும் இருந்தது. முழு மார்க்.

இரண்டாவது ஊரில் நோட்டே கிடையாது. "நோட்டு எதுக்குத் தம்பி? நீர்பாய்ச்சியக் கேளுங்க" என்றார் டீக்கடைப் பெரியவர். அந்த ஊரில் நிலத்துக்காரர் யாரும் மடையில் கை வைக்கக் கூடாது. திறப்பதும் அடைப்பதும் நீர்பாய்ச்சிதான். அறுவடையில் ஏக்கருக்கு இத்தனை மரக்கால் நெல் என்று அவருக்குக் கூலி. தண்ணீர் குறைந்தால் முறை வைத்துப் பாய்ச்சுவார், அதுவும் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் கடைமடையிலிருந்து தொடங்கி. மீன் குத்தகைப் பணத்தில்தான் வரத்துக் கால்வாயை வெட்டுகிறார்கள். அந்த நீர்பாய்ச்சி என்னை வாய்க்கால் வழியே கடைசி வயல் வரை நடக்கவைத்துவிட்டார். தலைமடையில் பார்த்த அதே உயரத்துக்கு அங்கேயும் பயிர் நின்றது.

மனசு கேட்காமல் மறுநாள் முதல் ஊருக்குத் திரும்பிப் போய் அங்கேயும் கடைமடை வரை நடந்தேன். பாதி நிலம் கருவை மண்டிக் கிடந்தது. அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்தவருக்கு ஒன்றரை ஏக்கர் ஆயக்கட்டு நிலம், அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம், இருக்கிறது. கூட்டத்துக்குப் போவீர்களா என்று கேட்டதற்கு, "எந்தக் கூட்டம்?" என்றார். அவர் கைநாட்டு வைப்பவர். நோட்டிலோ அவர் பெயருக்கு நேரே அழகான கையெழுத்து.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். முதல் ஊர்க் கண்மாய் 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள பொதுப்பணித் துறைக் கண்மாய். இரண்டாவது, ஊராட்சி ஒன்றியத்தின் சின்னக் கண்மாய். ஒரு சுற்றில் எல்லார் முகத்தையும் பார்த்துவிடலாம். இரண்டையும் ஒரே தராசில் வைத்ததும் தப்புதான்.

கமுதிப் பக்கத்திலிருந்து

குடிதண்ணீர் எடுக்கும் குளமான எங்கள் ஊருணிக்கு நோட்டும் இல்லை, சங்கமும் இல்லை. செருப்போடு இறங்கினால் கிழவிகள் திட்டுவார்கள், அவ்வளவுதான் நிர்வாகம். துணி துவைக்கவோ மாடு இறக்கவோ முடியாது. காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் வந்தபிறகு திட்டுவதற்கு ஆள் இல்லை. இப்போது குழாயில் தண்ணீர் வராமல் நின்றால் குடத்தோடு ஊருணிக்கே ஓடுகிறோம். பாசியை ஒதுக்கிவிட்டுத்தான் மொள்ள வேண்டும். ஊருணிக்கெல்லாம் உங்கள் படிவத்தில் இடம் உண்டா அண்ணா?

காஞ்சிபுரத்திலிருந்து

கணக்கு விஷயத்தில் அந்தக் காலத்து உத்தரமேரூர்க்காரர்கள் கறார். சோழன் முதலாம் பராந்தகன் காலத்து அவ்வூர்க் கல்வெட்டு சொல்கிறது, பத்தாம் நூற்றாண்டு. ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம் என்றே தனியாக ஒரு குழு இருந்தது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரை, ஆள் தேர்ந்தெடுக்கக் குடத்தில் போட்டு எடுக்கும் குடவோலையில் எழுதக் கூடாது. அவருடைய நெருங்கிய சொந்தக்காரர்கள் பெயரும் கூடாது. உங்கள் முதல் ஊர் தலைவரை அங்கே அனுப்பலாம்.

சிவகங்கை, மறுபடி

அனுப்பலாம்தான். ஆனால் அதே கல்வெட்டில், பொதுவாகக் கால் வேலிக்கு (வேலி பழைய நில அளவு) மேல் வரி நிலம் இருந்தால்தான் பெயரே எழுதுவார்கள். நம்ம நீர்பாய்ச்சிக்கு ஒரு சென்ட் கூடக் கிடையாது. ஊருணிக் கேள்விக்குப் பதில்: இல்லை அம்மா. கடைமடைக்கே படிவத்தில் இடம் இல்லை. நான் பின்பக்கத்தில் பேனாவால் எழுதிக் கொடுத்தேன். கணினியில் ஏற்றியவர் முன்பக்கத்தை மட்டும் ஏற்றினார்.