கேரவன் வண்டியில் தங்கிக் காரைக்குடி பார்த்தவர்கள் – உங்கள் அனுபவம்

திருச்சியில் ஒரு டெம்போ டிராவலரை வாடகைக்கு எடுத்தோம். படுக்கை, சின்ன அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே உண்டு. சனி, ஞாயிறு காரைக்குடி. நான், மனைவி, மகள், மாமியார்.

வண்டியை எங்கே நிறுத்துவது என்பதுதான் முதல் கேள்வி. முகூர்த்தம் இல்லாத நாள் என்பதால் ஊருக்குள்ளேயே ஒரு கல்யாண மண்டபத்தில் இடம் கொடுத்தார்கள். தண்ணீர்க் குழாய், பிளக், இரவுக் காவல், பூட்டும் கேட் எல்லாம் இருந்தன. உள்ளே விட்ட வண்டியை ஊர் திரும்பும்வரை நாங்கள் எடுக்கவே இல்லை. எல்லோருக்கும் இதைத்தான் சொல்வேன். செட்டியார் தெருக்களில் கேபிள் வயர் தாழ்வாகத் தொங்குகிறது. முக்குத் திரும்ப உயரமான வண்டிக்கு இடமில்லை. டவுன் பஸ்ஸிலும் கால்நடையாகவும் போனால்தான் மனிதர்கள் பேசுகிறார்கள்.

வேன் நின்ற அரைமணி நேரத்தில் தெருப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். "என்ன படம் சார்? யாரு ஹீரோ?" படப்பிடிப்பு பார்த்துப் பழகிய ஊர், கேரவன் என்றாலே நடிகர் வண்டிதான். கதவைத் திறந்து ஒவ்வொருவராக ஏறிப் பார்க்கவிட்டோம். மாமியார் ஆளுக்கொரு முறுக்கு கொடுத்தார்.

காவல்கார ஐயா வந்து வேறொன்று கேட்டார்: "அழுக்குத் தண்ணிய எங்க விடப்போறீக?" மண்டபத்துக் கழிவுத்தொட்டி மூடியைத் தானே திறந்து காட்டிவிட்டு, "ஊருணிப் பக்கம் மட்டும் போயிராதீக" என்றார். ஊருணி என்பது ஊர்ப் பொதுக் குளம். இந்தச் சீமையில் பெரிய ஆறு கிடையாது. கூரையில் விழுந்த மழை வளவில், அதாவது வீட்டின் நடுமுற்றத்தில் இறங்கி, பாத்திரங்களில் பிடித்தது போக மிச்சம் வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போகும்படி ஊரையே கட்டியிருக்கிறார்கள். வேனில் வருகிறவர்கள் ஒரு வாளி சோப்புத் தண்ணீரைக்கூடக் கண்ட இடத்தில் ஊற்றக் கூடாது. தயவுசெய்து.

மறுநாள் காலை பஸ் ஏறி, செட்டியார் மாளிகைகள் நிறைந்த கானாடுகாத்தான் போனோம். பர்மா தேக்கு, இத்தாலிப் பளிங்கு பற்றியெல்லாம் எல்லோரும் எழுதிவிட்டார்கள். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கிற வீடு ஒன்றில், திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆச்சியிடம் மாமியார் பேச்சுக் கொடுத்தார். சற்று நேரத்தில் "உள்ள வாங்க" என்று எழுந்துவிட்டார். வளவைச் சுற்றி வரிசையாக அறைகள், கல்யாணமான மகன்களுக்கு ஆளுக்கொன்று. ஒன்றுதான் திறந்திருந்தது.

"மத்த ரூமெல்லாம் யாரோடது ஆச்சி?" என்றாள் மகள்.

"இது எங்க புள்ளிக்கு உள்ளது. அது கொழுந்தனார் வீட்டுது, சாவி மலேசியாவுல இருக்கு. அங்கிட்டு உள்ளது மெட்ராஸ்காரவுக. ஒரு கல்யாணம் வந்தாத்தான் அம்புட்டுக் கதவும் தொறக்கும்."

புள்ளி என்றால் கல்யாணமான ஒரு மகனின் குடும்பம். தன் அறைப் பூட்டில் ஆச்சி தினமும் எண்ணெய் விடுகிறாராம். மற்றப் பூட்டுகளுக்கும் அவரேதான்.

அதன் பிறகு காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போனது வேறு மாதிரி இருந்தது. இரும்பு எனாமல் டிபன் கேரியர், மரப்பெட்டி, தஞ்சாவூர்ப் படம் எல்லாவற்றையும் தாண்டி, சுவரில் சாய்த்திருந்த கதவுகளைத்தான் மகள் பார்த்துக்கொண்டு நின்றாள். இடித்த வீடுகளிலிருந்து வருபவை என்றார் கடைக்காரர்; எதையும் மறைக்கவில்லை. கடைக்குப் போகுமுன் ஒரு வீட்டையாவது உள்ளே போய்ப் பாருங்கள்.

தரைக்குப் பதிக்கும் வண்ணக் கற்கள் செய்யும் ஆத்தங்குடிக்கு நேரம் கிடைக்கவில்லை. போனவர்கள் எழுதுங்கள்.

காரைக்குடி உறுப்பினர்:
நான் எழுதுகிறேன், அண்ணா. சில வருடங்களுக்கு முன் ஜெர்மனியிலிருந்து தரைவழியாகவே தங்கள் வண்டியில் வந்த வயதான தம்பதி எங்கள் வீட்டுப் பக்கத்துக் காலிமனையில் தங்க அனுமதி கேட்டார்கள். தண்ணீர் கொடுத்தோம். அம்மா வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் அனுப்பினார். அவர்கள் வண்டியில் காபி போட்டு எங்களைக் கூப்பிட்டார்கள். அந்த அம்மா எங்கள் வீட்டுத் தரையைத் தடவித் தடவிப் பார்த்ததால் ஆத்தங்குடிக்குக் கூட்டிப்போனேன். கண்ணாடிமேல் அச்சு வைத்து, கட்டம் கட்டமாக வண்ணச் சிமெண்ட் கலவையை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமெண்ட்டும் போட்டு அழுத்துகிறார்கள். காய்ந்ததும் தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவதுதான். தனியாகப் பாலிஷ் கிடையாது. செய்துகொண்டிருந்த அண்ணன், பெயர்த்தெடுத்த கல்லை அந்த அம்மா கையிலேயே கொடுத்தார். அதில் தன் முகம் தெரிவதைப் பார்த்து அவர் சத்தமாகச் சிரித்தார்.

தேவகோட்டை உறுப்பினர்:
வெயில் காலத்தில் வேனில் தூங்க முடியாது. மார்கழி, தை நல்லது. ஆனால் தைப்பூசத்துக்கு முன்னால் குன்றக்குடியில் கூடி நகரத்தார் (செட்டியார்கள்) காவடி பழனிக்கு நடந்து போகும். அப்புறம் மற்ற யாத்திரைக்காரர்களும் சாலை நிறைய வருவார்கள். போன முறை பிள்ளையார்பட்டி அருகே ஓரமாக நிறுத்தி, வண்டித் தொட்டியில் இருந்த குடிநீர் முழுவதையும் நடந்து வந்தவர்களுக்குக் கொடுத்தோம். ஒரு பெரியவர் படிக்கட்டில் உட்கார்ந்து காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு கிளம்பினார். அந்த நாட்களில் அந்தச் சாலையில் இரவில் வேன் ஓட்டாதீர்கள். விடியும் முன்பே நடக்கத் தொடங்கிவிடுவார்கள்.