மறு: ‘கட்டற்ற அயற்கூற்று’ – மாற்றுச் சொல்லாகத் ‘தோய்கூற்று’

நண்பர்களுக்கு வணக்கம். கதைமாந்தரின் எண்ணத்தை ‘என்று நினைத்தாள்’ போன்ற சொற்கள் இல்லாமல், கதைசொல்லியின் படர்க்கை வாக்கியத்திலேயே தரும் உத்தி ஒன்று உண்டு (ஆங்கிலத்தில் free indirect speech). அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சில் இப்படி ஒரு கருத்து வந்தது:

> பிரெஞ்சில் உள்ளதை அப்படியே ‘கட்டற்ற அயற்கூற்று’ என்று வைத்துக்கொள்ளலாம்.

இதை என்னால் ஏற்க முடியவில்லை. 1912இல் சுவிஸ் மொழியியலாளர் சார்ல் பாலி இந்த உத்திக்குப் பெயர் வைத்தது பிரெஞ்சு இலக்கணத்தை வைத்து. தமிழில் இது நடந்துகொள்ளும் விதமே வேறு. ஒரே சேதியை மூன்று விதமாக எழுதிப் பார்ப்போம்.

நேர்கூற்று: “நாளை இவனிடம் பேசவே மாட்டேன்” என்று அவள் நினைத்தாள்.

அயற்கூற்று: மறுநாள் அவனிடம் பேசப்போவதில்லை என அவள் முடிவு செய்தாள்.

மூன்றாவது: அவள் கதவைச் சாத்தினாள். நாளை இவனிடம் பேசவே மாட்டாள். எத்தனை பொய்!

மூன்றாவதில் ‘மாட்டாள்’ மட்டும்தான் கதைசொல்லியுடையது. ‘நாளை’, ‘இவன்’, அந்த ஏகாரம், ஆத்திரம் எல்லாம் அவளுடையவை. ‘என்று நினைத்தாள்’ கிடையாது. ‘நாளை’ மறுநாள் ஆகவில்லை, ‘இவன்’ அவன் ஆகவில்லை. படர்க்கையைத் தவிர அயற்கூற்றின் அடையாளம் எதுவும் இல்லாதபோது, இதை அயற்கூற்றின் ஒரு வகை என்று எப்படிச் சொல்வது?

அதனால் ‘தோய்கூற்று’ என்று சொல்லலாம் என்கிறேன். கதைசொல்லியின் வாக்கியம் மாந்தரின் மனத்தில் தோய்ந்து வருகிறது. ‘வளர்பிறை’ போல வினைத்தொகை, ஆகவே நடுவில் ‘க்’ மிகாது.

‘அகக்கூற்று’ என்ற யோசனையும் வந்தது. அழகான சொல்தான். ஆனால் தலைவி கூற்று, தோழி கூற்று என்று படித்தவர்களுக்கு அது அகத்திணையைத்தான் நினைவூட்டும். அங்கே தலைவியே நேராகப் பேசுகிறாள். இடையில் கதைசொல்லி இல்லை. மனத்தில் ஓடுவதை அப்படியே கொட்டும் நனவோடையும் வேறு.

பல மாந்தர் நோக்கில் நாவல் எழுதுகிறவர்களுக்கு இந்தப் பெயர் உடனடியாகத் தேவை. அதே சண்டை அவன் அத்தியாயத்தில் வரும்போது: “அவனாகப் போய்ப் பேசப்போவதில்லை. நாளை இவளே வருவாள், வராமல் எங்கே போகிறாள்.” முன்பு ‘இவன்’ என்றிருந்த இடத்தில் இப்போது ‘இவள்’. சுட்டு மாறியதுமே யார் மனத்தில் இருக்கிறோம் என்பது தெரிந்துவிடுகிறது. கையெழுத்துப் பிரதியைத் திருத்தும்போது “இந்தப் பத்தியில் தோய்கூற்று அவளுடையது, ‘இவள்’ எப்படி வந்தது?” என்று ஒரே வரியில் கேட்டுவிடலாம்.

சரி, அப்படி ஒரே பத்திக்குள் சொல்லாமல் கொள்ளாமல் அடுத்தவர் மனத்துக்குள் போய்விடும் பிழைக்கு என்ன பெயர்? ‘நோக்குத் தாவல்’ என்பது என் யோசனை. ‘தாவல்’ கணினித் திரையில் வேறு பொருளில் (tab) புழங்குவதால் கொஞ்சம் தயக்கம். வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.