அணிக்கு ஊர்ப் பெயரா, மாநிலப் பெயரா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

காரைக்குடிப் பையன்:

தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) கிரிக்கெட் 2016-ல் தொடங்கியபோது எட்டு அணிகளில் ஒன்றுக்கு எங்கள் ஊர்ப் பெயர் கிடைத்தது. காரைக்குடி காளை. மஞ்சுவிரட்டு நடக்கிற சீமைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது. பத்ரிநாத் கேப்டன் என்றதும் தெருப் பையன்களுக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் காரைக்குடியில் ஓர் ஆட்டம்கூட நடக்கவில்லை. அந்த வருடம் சேப்பாக்கம், திண்டுக்கல் பக்கத்து நத்தம், திருநெல்வேலி என்று மூன்றே மைதானங்கள். நாங்கள் சிலபேர் சேர்ந்து திருப்பத்தூர், சிங்கம்புணரி, கொட்டாம்பட்டி என்று பஸ் மாறி மாறி நத்தம் போனோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த திண்டுக்கல் பெரியவர், "காரைக்குடியா தம்பி? உங்க ஊர்ல கிரவுண்டு எங்க இருக்கு?" என்று கேட்டார். அவர் கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எங்களிடம் சொல்லப் பதில் இல்லை.

அப்புறம் 2020-ல் அந்த அணி அப்படியே திருப்பூர் தமிழன்ஸ் ஆகிவிட்டது. முதல் கோப்பையை வாங்கிய தூத்துக்குடிக்கும் இதே கதிதான். அந்த இடத்தில் இப்போது சேலம் இருக்கிறது. ஊர்ப் பெயர் வைத்தால் வருடத்துக்கு ஓர் ஆட்டமாவது அந்த ஊரில் ஆடட்டும். முடியாது என்றால் பொதுவான பெயராக வைத்துக்கொள்ளட்டும். இது என் கட்சி. மற்றவர்களும் பட்டதைச் சொல்லுங்கள்.

பனியன் கம்பெனி:

அண்ணே, உங்க வருத்தம் புரியுதுங்க. ஆனால் அணியை வாங்கிக்கொண்ட திருப்பூர் பக்கம் நின்று ஒன்று சொல்கிறேன். 2025 இறுதி ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்களுக்கு அவசர ஆர்டர், கம்பெனி ஓடிக்கொண்டிருந்தது. கட்டிங் டேபிளில் துணிக்கட்டு மேல் போனைச் சாய்த்து வைத்து, ஓவர்லாக் ஓட்டுகிறவர்கள் முதல் அயர்ன் மாஸ்டர் வரை வந்து வந்து ஸ்கோர் பார்த்துவிட்டுப் போனார்கள். சாய் கிஷோர் தலைமையில் நம்ம அணி, அஷ்வினின் திண்டுக்கல்லை நத்தத்திலேயே வைத்து ஜெயித்தது. எங்கள் கம்பெனியில் நின்று பார்த்தவர்களில் பாதிப்பேர் தேனி, சிவகங்கை, விருதுநகர் பக்கத்து ஆட்கள். பிழைக்க வந்த ஊர் ஜெயித்ததற்கு அவர்கள் சத்தம் போட்டதைப் பார்க்க வேண்டுமே! மாநிலப் பெயர் இருந்திருந்தால் அந்த வேகம் வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேனுங்க.

வடகிழக்கு டியூட்டி:

நான் துணை ராணுவத்தில் இருக்கிறேன். 2023 ஏப்ரல் 5, கவுகாத்தி பர்சபாரா மைதானம். ராஜஸ்தான் ராயல்ஸும் பஞ்சாப் கிங்ஸும் மோதிய ஐபிஎல் ஆட்டம். யோசித்துப் பாருங்கள், இரண்டுமே மாநிலப் பெயர். ஆடுவதோ அசாமில். அதிலும் அது ராஜஸ்தானுக்குச் 'சொந்த மைதான' ஆட்டம்!

லீவு கிடைத்ததால் ரூம்மேட்டோடு போயிருந்தேன். ராயல்ஸ் சட்டைதான் எங்கும், சந்தேகமே இல்லை. ஆனால் காதைப் பிளக்கும் சத்தம் எழுந்தது ரியான் பராக் பேட்டோடு இறங்கியபோதுதான். அவர் கவுகாத்திப் பையன். முன்வரிசையில் ஒரு பாட்டி, தோளில் கமோசா என்கிற அசாமியத் துண்டைப் போட்டுக்கொண்டு, அவர் அவுட் ஆகும்வரை உட்காரவே இல்லை. ஜெய்ப்பூர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அந்த அம்மாவுக்கு அக்கறை இருந்திருக்காது. பஞ்சாப் ஐந்து ரன்னில் ஜெயித்தது, கூட்டம் தொங்கிய முகத்தோடு வெளியேறியது.

அதைப் பார்த்ததிலிருந்து என் கருத்து இதுதான். மாநிலப் பெயர் வைத்த அணி எங்கே வேண்டுமானாலும் கடை விரிக்கும். பஞ்சாபும் தன் 'சொந்த' ஆட்டங்களில் சிலவற்றை இமாச்சலத்தில் தர்மசாலாவில் ஆடுகிறது. பெயர் எதுவாகவும் இருக்கட்டும், நம் மண்ணின் பையன் ஒருவனை எடுத்தால் ஜனம் வந்துவிடும்.

சேப்பாக்கம் டி ஸ்டாண்ட்:

நண்பரே, ஊர்ப் பெயர் இருந்தாலும் ஊரைவிட்டுப் போகவேண்டி வரும். 2018-ல் காவிரிப் போராட்டம் உச்சத்தில் இருந்தபோது சேப்பாக்கத்தில் சென்னை சூப்பர் கிங்ஸுக்கு ஓர் ஆட்டம்தான் நடந்தது. மைதானத்துக்குள் செருப்பு வந்து விழுந்தது. மிச்ச ஆட்டங்கள் புனேவுக்குப் போய்விட்டன. போராட்டம் நியாயமானது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இருந்தாலும் இரண்டு வருடத் தடைக்குப் பிறகு வந்த அணியை மறுபடி வழியனுப்பியது வலித்தது.

அப்போதுதான் 'விசில்போடு எக்ஸ்பிரஸ்' என்று ஒரு தனி ரயிலே கிளம்பியது. சென்ட்ரலில் இருந்து புனே வரை மஞ்சள் சட்டைதான். எங்கள் பெட்டியில் ஒருவர் வீட்டில் கட்டிக்கொடுத்த புளிச்சோற்றை எல்லோருக்கும் பங்கு போட்டார். விடிய விடிய தூக்கமில்லை. மறுநாள் ராஜஸ்தானுக்கு எதிராக வாட்சன் சதம் அடித்தார். புனேக்காரர்கள் எங்களைப் பார்த்து வியந்துபோனார்கள். சென்னை என்ற பெயர் இல்லாமல் இருந்தால் அந்த ரயில் ஓடியிருக்குமா? நிச்சயமாக இல்லை.

வன்னி மண்:

வணக்கம். நான் கிளிநொச்சி. எங்கட கதை இன்னும் தூரம். லங்கா பிரீமியர் லீக் 2020-ல தொடங்கேக்க கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ளை, யாழ்ப்பாணம் என்று ஐந்து ஊர்ப் பெயர்கள். ஆனால் கொரோனா காரணமாக எல்லா ஆட்டமும் அம்பாந்தோட்டையில். எங்களுக்கு அது நாட்டின் மற்ற முனை. பார்வையாளரும் இல்லை. யாழ்ப்பாணத்தில சர்வதேசத் தரத்தில மைதானமும் இல்லை.

அப்படியிருந்தும் யாழ்ப்பாண அணியில வியாஸ்காந்த் என்ற பெடியன் இறங்கின அன்று எங்கட வீட்டில டிவிக்கு முன்னால அயலட்டைச் சனம் எல்லாம் கூடிவிட்டது. யாழ் மத்திய கல்லூரியில படித்த பிள்ளை. அப்பா பெரிதாகக் கிரிக்கெட் பார்க்கிறவர் இல்லை. அன்று கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டு இருந்தவர். அந்த வருடக் கோப்பையையும் எங்கட அணிதான் எடுத்தது. வியாஸ்காந்த் பிறகு 2024-ல ஐபிஎல்லில ஐதராபாத்துக்கும் ஆடினார்.

மாகாணப் பெயர் வைத்திருந்தால் வவுனியா, மன்னார், முல்லைத்தீவும் சேர்ந்திருக்கும் என்று சிலர் சொல்லுவினம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாழ்ப்பாணம் என்று எழுதினாலும் எங்களுக்கும் அதுதான் அணி. எங்களுக்கு வேண்டியது மைதானம். யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில மண்டைதீவில 2025-ல அடிக்கல் நாட்டியிருக்கினம். கெதியாகக் கட்டி முடிக்கட்டும்.

டெல்டா கபடி:

நான் மன்னார்குடிப் பக்கம். இங்கே கபடிதான் எல்லாம். ஊர்த் திருவிழாவுக்கு நடக்கிற போட்டியில் ஒவ்வோர் அணியும் சட்டை முதுகில் ஊர்ப் பெயரைத்தான் போட்டு வரும். எதிரணிக் கோட்டுக்குள் பாடப் போகிறவனை அவன் பெயரைவிட ஊர்ப் பெயர் சொல்லித்தான் மைக்கில் கூப்பிடுவார்கள்.

புரோ கபடியில் 2014-ல் வந்த எட்டு அணிகளில் வங்காளமும் தெலுங்கும் தவிர மற்ற ஆறும் நகரப் பெயர். 2017-ல் சேர்ந்த நாலும் அப்படி இல்லை. குஜராத், ஹரியானா, உ.பி., நம்ம தமிழ் தலைவாஸ். அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். சென்னை என்று வைத்திருந்தால் எங்கள் ஊர்ப் பையன்கள் இவ்வளவு உரிமையாகக் கத்தமாட்டார்கள். கபடியை வளர்த்தது கிராமம்தானே.

ஆனால் ஆட்டம் பார்க்க நாங்கள் நேரு உள்விளையாட்டு அரங்கத்துக்குத்தான் ரயில் ஏறவேண்டும். 2024 சீசனில் அதுவும் இல்லை. ஐதராபாத், நொய்டா, புனே என்று முடித்துவிட்டார்கள். தமிழ் என்று பெயர் வைத்தவர்கள் தஞ்சாவூரிலோ மதுரையிலோ ஒரு சுற்று நடத்திப் பார்க்கட்டும். டிக்கெட் விற்கவில்லை என்றால் கேளுங்கள்.