காளைக்கு இறக்கை எங்கே முளைக்க வேண்டும்? உதவி தேவை

பென்னாகரம்_கிறுக்கல்:
அக்கா மகனுக்காக ஒரு படக்கதை வரைகிறேன். நாயகன் இறக்கை வைத்த ஆலம்பாடிக் காளை. தனித்தனியாகப் பார்த்தால் காளையும் சரி, இறக்கையும் சரி. சேர்த்தால் முதுகில் பசை போட்டு ஒட்டியது போல இருக்கிறது. திமிலுக்குப் பின்னால், நட்ட நடு முதுகில் வைத்திருக்கிறேன். நான்கு முறை அழித்தாயிற்று. என்ன தப்பு?

கறிக்கடை_பாலக்கோடு:
தம்பி, ஒரு முழுக்கோழியை உரித்து முன்னால் வையுங்கள். முதுகில் கறி இருக்கிறதா? எல்லாம் நெஞ்சில்தான். நடுவில் கத்தி போல ஓர் எலும்பு துருத்தி நிற்கும், இரண்டு பக்கமும் அதைப் பிடித்துக்கொண்டு கறி. மேலே இருக்கும் பெரிய கறி இறக்கையைக் கீழே அடிக்கும். அதை விலக்கினால் உள்ளே விரல் போல ஒரு துண்டு வரும். அதன் வெள்ளை நரம்பு, கிணற்றுக் கயிறு ராட்டினத்தில் திரும்புவது போலத் தோளில் திரும்பி இறக்கையைப் பிடிக்கிறது. இழுத்துப் பாருங்கள், இறக்கை தூக்கும். உங்கள் காளைக்கு நெஞ்சு போதாது.

கால்நடை_மாணவி:
அண்ணன் சொல்வது சரி. இன்னொன்று, கோழிக்கு இறக்கைதான் முன்னங்கால். உங்கள் காளைக்கு முன்னங்காலும் இருக்கிறதே, அப்போது இறக்கைக்குத் தனியாக ஒரு ஜோடி தோள்பட்டை எலும்பு வேண்டும். மாட்டுக்குக் காறை எலும்பு (நமக்குக் கழுத்துக்குக் கீழே, நெஞ்சையும் தோளையும் இணைக்கும் எலும்பு) கிடையாது. முன்னங்கால் வெறும் தசையால்தான் உடம்போடு சேர்ந்திருக்கிறது, நடக்கும்போது பட்டை எலும்பு சறுக்கும். அதற்கு ஒரு சாண் பின்னால், விலாவின் மேல்பாதியில் இறக்கையை வையுங்கள். நெஞ்சுக்கூட்டைக் கொஞ்சம் நீட்டுங்கள். அண்ணன் சொன்ன துருத்தும் எலும்பை, கழுத்துக்கு அடியில் தொங்கும் அலைதாடி மறைத்துக்கொள்ளும்.

சும்மா_வந்தேன்:
இன்று பறக்கிற பறவைகளில் ரொம்பக் கனமானதே 20 கிலோ பக்கம்தான். மாடாவது பறப்பதாவது!

பென்னாகரம்_கிறுக்கல்:
பறக்க வேண்டாங்க, பறக்கும் என்று ஆறு வயதுப் பையன் நம்பினால் போதும். பக்கத்து வீட்டுக் காளையை நடக்கவிட்டுத் தோளில் கை வைத்துப் பார்த்தேன். தோலுக்கு அடியில் தட்டு ஒன்று நிஜமாகவே சறுக்குகிறது (மிதி வாங்கியது தனிக்கதை). இறக்கையைப் பின்னுக்குத் தள்ளியதும் ஒட்டுவேலை போலத் தெரியவில்லை. ஆனால் மடக்கினால் எது எந்தப் பக்கம் போகும்?

கறிக்கடை_பாலக்கோடு:
அதே கோழிதான். தோளிலிருந்து ஒற்றை எலும்பு பின்னால் போகும், அடுத்த இரட்டை எலும்பு முன்னால் வரும், நுனி மறுபடி பின்னால். குழம்பில் போடுவதற்கு முன்பே வரைந்துவிடுங்கள்.