பிளக்-இன் ஹைபிரிட் ஓட்டுபவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்

பழைய பெட்ரோல் காரை மாற்றப் போகிறேன். தினமும் போய்வர 35 கிலோமீட்டர்தான். பிளக்-இன் ஹைபிரிட் (பெட்ரோல் இன்ஜினோடு, பிளக்கில் சார்ஜ் போடும் பேட்டரியும் உள்ள கார்) வாங்கி இரவில் சார்ஜ் போட்டால், மறுநாள் பெட்ரோலைத் தொடாமலே ஓட்டிவிடலாம் என்று கணக்கு. ஆனால் கார் நிறுத்தும் இடத்தில் பிளக் பாயிண்ட் கிடையாது. இரண்டாம் மாடியிலிருந்து வயர் இழுக்கவா முடியும்? சார்ஜ் இல்லாவிட்டால் அந்தப் பெரிய பேட்டரியின் எடையையும் இன்ஜின்தான் சுமக்க வேண்டும். அதற்கு, பிளக்கில் போடாமல் ஓடும்போதே சின்ன பேட்டரியைச் சார்ஜ் செய்துகொள்ளும் சாதாரண ஹைபிரிட்டே மேல் இல்லையா?

அப்புறம், பெட்ரோல் மாதக்கணக்கில் டேங்கிலேயே கிடந்தால் கெட்டுப்போகும். செவ்ரோலே வோல்ட் என்ற பிளக்-இன் ஹைபிரிட் கார் அதற்காகவே அவ்வப்போது இன்ஜினைத் தானாக ஓடவிடும். உங்கள் வண்டியிலும் அப்படித்தானா?

முழு எலக்ட்ரிக் என்று பேச்செடுத்தாலே வீட்டில் "நடுவழியில் நின்றால்?" என்கிறார்கள். அதனால் பிளக்-இன் ஹைபிரிட்டை இரண்டு வருஷமாவது ஓட்டியவர்கள், ஒரு சார்ஜில் இப்போது எத்தனை கிலோமீட்டர் வருகிறது என்று சொல்லுங்கள். விளம்பரக் கணக்கு வேண்டாம்.