வளவு வீட்டு ஆங்கிலப் பலகை: 'நீட்' (need) பக்கத்தில் 'நோ' (no) வந்தால் அர்த்தம் ஏன் புரளுகிறது?

வளவு வாசல் (கேள்வி)

கானாடுகாத்தான் பக்கம் பழைய நகரத்தார் வீடு ஒன்று தங்கும் விடுதியாகியிருக்கிறது. வெளிநாட்டு விருந்தினருக்கு ஆங்கிலத்தில் பலகை வேண்டும். வீட்டு ஆச்சி தமிழில் சொன்னதை ஐந்து வரியாக ஆங்கிலத்தில் போட்டாயிற்று. இலக்கணம் சரி, ஆனால் நான்கு வரியில் அர்த்தம் வேறு என்று ஒரு விருந்தினர் சொல்லிவிட்டார். அச்சுக்குப் போகுமுன் பார்த்துச் சொல்லுங்கள்.

1) பட்டாலையில் செருப்புப் போட வேண்டாம்: "கெஸ்ட்ஸ் நீட் நாட் வேர் ஷூஸ் இன் தி ஹால்."

2) ஆத்தங்குடி கல்லில் ஆசிட் ஊற்ற வேண்டாம் (வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியை மாதக்கணக்கில் வாடகைக்கு எடுப்பவர்கள் தரையைத் தாங்களே கழுவிக்கொள்வார்கள்): "யூ நீட் யூஸ் நோ ஆசிட் ஆன் தி டைல்ஸ்."

3) மொட்டை மாடிக்கு யாரும் போகக்கூடாது: "ஆல் கெஸ்ட்ஸ் மே நாட் கோ அப் டு தி டெரஸ்."

4) முன்பணம் வேண்டாம்: "யூ கேன் பே நோ அட்வான்ஸ்."

5) சமையல்கட்டுக்குள் யாரும் வரக்கூடாது: "நோ கெஸ்ட் மே என்டர் தி கிச்சன்."

ஐந்தாவது மட்டும் சரியாம். இரண்டிலும் 'நோ' இருக்கிறது, ஐந்திலும் இருக்கிறது. ஒன்று தடை, மற்றது தடையில்லை என்றால் எப்படி?

கொட்டான்

இரண்டாவது சரிதானே? 'நோ' வினைக்குப் பின்னால் 'ஆசிட்' மேல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. வினையை அது தொடவில்லை. அப்படியானால் "ஆசிட் இல்லாமல்தான் கழுவியாக வேண்டும்" என்றுதானே ஆகும்? விருந்தினர் குழப்புகிறார் என்று நினைக்கிறேன்.

திண்ணை வாத்தியார்

இல்லை கொட்டான், குழப்பமே அங்கேதான். ஆங்கில 'நோ' எழுத்தில் ஒரு சொல், பொருளில் இரண்டு. தமிழில் அந்த இரண்டும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும். "எதுவும் வாங்கவில்லை" என்பதில் 'எதுவும்' பெயர் பக்கம் நிற்கிறது, 'இல்லை' வினையில் போய் ஒட்டுகிறது. ஆங்கிலம் இந்த இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டிப் பெயருக்கு முன்னால் வைத்துவிடுகிறது. பொட்டலம் எங்கே இருக்கிறது என்பதை விடுங்கள். அதிலிருக்கும் 'இல்லை' மோடலுக்கு ('மஸ்ட்', 'மே', 'கேன்', 'நீட்' போன்ற துணைவினைக்கு) வெளியே போகிறதா, உள்ளேயே தங்குகிறதா? அதைத்தான் பார்க்க வேண்டும்.

அதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்தந்த மோடலின் குணம். 'மஸ்ட்', 'ஷுட்', 'ஆட் டு' (ought to) மூன்றும் எதிர்மறைக்கு மேலே உட்காரும், அதாவது 'இல்லை' அவற்றுக்கு உள்ளேயே தங்கும். 'நீட்' எப்போதும் கீழேதான், 'இல்லை' அதற்கு வெளியே போய்விடும். இரண்டாவது வரியில் மோடலை மட்டும் மாற்றிப் பாருங்கள்:

"யூ மஸ்ட் யூஸ் நோ ஆசிட்": ஆசிட் ஊற்றாமலிருப்பது கட்டாயம். தடை.

"யூ நீட் யூஸ் நோ ஆசிட்": ஆசிட் ஊற்றவேண்டிய கட்டாயம் இல்லை. ஊற்றினாலும் ஊற்றலாம்!

'நோ ஆசிட்' அதே இடத்தில்தான் இருக்கிறது. இரண்டாவது வாக்கியத்தில் 'இல்லை' மட்டும் கழன்று 'நீட்' தலைக்கு மேல் போய்விட்டது, 'ஆசிட் எதுவும்' கீழேயே தங்கிவிட்டது. "ஆசிட் எதுவும் ஊற்ற வேண்டியதில்லை" என்று தமிழில் சொன்னால் இந்தப் பிளவு அப்படியே தெரியும்.

ஏன் 'நீட்' இப்படி? 'டு' இல்லாமல் வரும் இந்த 'நீட்' எதிர்மறை நிழல் இல்லாமல் நிற்காது. "யூ நீட் யூஸ் ஆசிட்" என்றால் வாக்கியமே உடைந்துவிடும். 'நாட்', 'நோ', 'நத்திங்', 'நோ ஒன்', 'ஹார்ட்லி' என்று ஏதாவது ஒன்று வேண்டும். கேள்வியிலும் 'ஒன்லி' வரும் இடத்திலும் பிழைத்துக்கொள்ளும். எதிர்மறை பின்னால் நின்றாலும் பொருளில் அது மேலே வந்தே தீரவேண்டும், இல்லாவிட்டால் 'நீட்'டுக்கு இடமே இல்லை. அதனால்தான் "யூ நீட் யூஸ் நோ ஆசிட்" என்பதற்கு இரண்டாம் அர்த்தம் கிடையாது. கொட்டான் சொன்ன அர்த்தம் வேண்டுமென்றால் 'மஸ்ட்'தான்.

'நோ' பெயரோடு அடங்கிவிட்டதா, வாக்கியம் முழுவதையும் மறுக்கிறதா என்று சோதிக்க வாக்கியத்தின் வாலில் ஒரு குட்டிக் கேள்வி ஒட்டுங்கள். "யூ நீட் பிரிங் நத்திங், நீட் யூ?" என்றுதான் வரும். வால் எதிர்மறையில்லாமல் வந்தால் வாக்கியம் எதிர்மறை என்று பொருள்.

ஆத்தங்குடி கல் சூளையில் சுட்டதல்ல, கண்ணாடி மேல் சாயமும் சிமெண்டுமாக வார்த்தது. ஆசிட் பட்டால் மேல்பரப்பு அரித்து வழவழப்புப் போய், நிறமும் மங்கும். இந்த வரியில் அர்த்தம் புரண்டால் தரையே போயிற்று, ஆகவே இதைத்தான் முதலில் மாற்றுங்கள்.

வளவு வாசல்

நன்றி வாத்தியாரே. ஆனால் ஆச்சி 'வேண்டாம்' என்றுதான் சொன்னார்கள். 'வேண்டும்' என்றால் 'நீட்' என்று வைத்து, அதன் எதிர்மறையைப் போட்டேன்.

கண்டாங்கி

தவறு அங்கேதான் பிறந்தது. தமிழ் 'வேண்டாம்' இரண்டு வேலை பார்க்கிறது. "காசு வேண்டாம்" என்றால் தேவையில்லை. "தூணைத் தொட வேண்டாம்" என்றால் தொடாதீர்கள், மரியாதையாகச் சொன்ன தடை. ஆங்கிலத்தில் போடுமுன் ஆச்சியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "செய்தால் திட்டுவீர்களா?" ஆம் என்றால் 'மஸ்ட் நாட்', இல்லை என்றால் 'நீட் நாட்' அல்லது 'டோன்ட் ஹேவ் டு'. செருப்பு வரி தடை வகை, முன்பண வரி தேவையில்லை வகை. நீங்கள் செருப்புக்கு 'நீட்' போட்டு, பணத்துக்கு 'கேன்' போட்டிருக்கிறீர்கள், நேர் தலைகீழ்.

'கேன்' விஷயத்துக்கு வருகிறேன். 'கேன்', அனுமதி தரும் 'மே', 'ஹேவ் டு' மூன்றும் 'நாட்' வந்தாலும் எழுவாயில் 'நோ' வந்தாலும் பெரும்பாலும் சண்டை போடாமல் கீழே போய்விடும். "நோ கெஸ்ட் மே என்டர்" என்றால் அனுமதி இல்லை, அவ்வளவுதான். உங்கள் ஐந்தாவது வரி தப்பித்தது அதனால். செயப்படுபொருளில் 'நோ' வந்தால்தான் வம்பு. "யூ கேன் பே நோ அட்வான்ஸ்" என்பதை "உங்களால் முன்பணம் கட்ட முடியாது" என்றும் படிக்கலாம், "கட்டாமல் இருந்துகொள்ளலாம்" என்றும் படிக்கலாம். "யூ ஹேவ் டு பிரிங் நத்திங்" என்பதும் அப்படியே: கொண்டுவரத் தேவையில்லை, அல்லது வெறுங்கையோடுதான் வரவேண்டும். 'நீட்' போல இவற்றுக்கு எதிர்மறை நிழல் கட்டாயமில்லை, ஆகவே 'இல்லை' உள்ளேயும் தங்கலாம், வெளியேயும் போகலாம்.

'மே'க்கு இன்னொரு முகம், 'ஒருவேளை' என்ற பொருள். அப்போது அது மேலே ஏறிவிடும். "தி குக் மே மேக் நோ பணியாரம் டுமாரோ": நாளைக்குச் சமையல்காரர் ஒருவேளை பணியாரம் சுடாமல் போகலாம், அல்லது சுட அவருக்கு அனுமதியே இல்லை. பேச்சில் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். பலகைக்குக் குரலும் கிடையாது, முகமும் கிடையாது.

மூன்றாவது வரியில் அதைவிட மோசம். "ஆல் கெஸ்ட்ஸ் மே நாட்" என்றால் எவரும் போகக்கூடாது என்பது ஒன்று. எல்லோருக்கும் அனுமதியில்லை, சிலருக்கு உண்டு என்பது இன்னொன்று. இரண்டாவதாகப் படித்தவர் "அந்தச் சிலரில் நானும் ஒருவன்" என்று படியேறிவிடுவார். 'ஆல்' போட்டு 'நாட்' சேர்ப்பதை விட்டு 'நோ கெஸ்ட்' என்றே ஆரம்பியுங்கள்.

கொட்டான்

அப்படியானால் "நோ கெஸ்ட் மஸ்ட் கோ அப்" என்று போடலாமா? 'மே' மென்மையாகத் தெரிகிறது, 'மஸ்ட்' அழுத்தமாக இருக்குமே.

திண்ணை வாத்தியார்

பொருள் தடைதான். 'மஸ்ட்' மேலே ஏறி, "எவரும் போகாதிருப்பது கட்டாயம்" என்றாகும். ஆனால் பக்கத்திலேயே "நோ கெஸ்ட் ஹேஸ் டு கோ அப்" என்று ஒன்று இருக்கிறது. அதற்கு "யாரும் போகவேண்டிய கட்டாயமில்லை" என்று அர்த்தம். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத விருந்தினர் 'மஸ்ட்', 'ஹேவ் டு' இரண்டும் ஒன்று என்று படித்தவராக இருப்பார், இங்கே வழுக்கி விழுவார். எழுவாயில் 'நோ' வந்தால் 'மே' போடுங்கள். அது மென்மையல்ல, அனுமதியையே பிடுங்குகிறது.

சட்ட நடையில் இந்த இடத்தில் 'ஷால்' வரும். நம் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு "நோ பர்சன் ஷால் பி டிப்ரைவ்ட் ஆஃப் ஹிஸ் லைஃப்" என்றுதான் தொடங்குகிறது. 'மஸ்ட்' போலவே அங்கும் 'ஷால்' மேலே, 'நோ' கீழே: எவர் உயிரும் பறிக்கப்படாதிருக்க வேண்டும். சாப்பாட்டு நேரம் எழுதும் பலகையில் அந்த நடை வேண்டாம்.

வளவு வாசல்

இணையப் பதிவுப் பக்கத்துக்கு "வித் நோ அட்வான்ஸ்" என்று தொடங்கி ஒரு வரி போடலாமா?

கண்டாங்கி

போடலாம், அடுத்த இரண்டு சொல்லின் வரிசையில் கவனம். "வித் நோ அட்வான்ஸ் யூ மே புக் எ ரூம்" என்றால் முன்பணம் இல்லாமலே அறை எடுக்கலாம். 'நோ' அந்தத் தொடருக்குள்ளேயே அடங்கிவிட்டது. 'மே யூ' என்று திருப்பிப் போட்டால் 'நோ' வெளியே வந்து வாக்கியம் முழுவதையும் மறுத்துவிடும்: எவ்வளவு முன்பணம் கொடுத்தாலும் அறை கிடையாது! "அண்டர் நோ சர்கம்ஸ்டான்சஸ்" என்று தொடங்கும் தடைகளில் இந்தத் திருப்பம் கட்டாயம்.

வளவு வாசல்

மாற்றி எழுதியது:

"கெஸ்ட்ஸ் மஸ்ட் நாட் வேர் ஷூஸ் இன் தி ஹால்."
"டு நாட் யூஸ் எனி ஆசிட் ஆன் தி டைல்ஸ்."
"நோ கெஸ்ட் மே கோ அப் டு தி டெரஸ்."
"யூ டோன்ட் ஹேவ் டு பே எனி அட்வான்ஸ்."
"நோ கெஸ்ட் மே என்டர் தி கிச்சன்."

திண்ணை வாத்தியார்

ஐந்தும் சரி. ஆசிட் வரியில் மோடலையே தூக்கிவிட்டது நல்ல யோசனை. கடைசி வரியில் மட்டும் ஆச்சியிடம் மறுபடி கேளுங்கள். சமையல் கற்றுக்கொள்ள வரும் விருந்தினரை உள்ளே விடுவதாக இருந்தால், "வித்தவுட் பெர்மிஷன்" என்று கடைசியில் சேர்க்க வேண்டியிருக்கும்.